பையைத் திறந்தேன், வாயைத் திறந்தேனா?

நம் மன்றத்தார் சென்ற தை விடுமுறையில் ஓர் இன்பச் செலவு மேற்கொண்டதை நண்பர்கள் அறிவார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் நாற்பத்திரண்டு பேர். அவர்களுள் நாற்பத்தொருவர் களிப்போடு திரும்பினார்கள். ஒருவன் மட்டும் ஒரு கேள்வியோடு திரும்பினான். அந்த ஒருவன் நான்தான். அதைப் பற்றி மலருக்கு எழுதித் தருமாறு செயலாளர் கேட்டார். "கொஞ்சம் சிரிக்கும்படியாக எழுது" என்றும் சொல்லிவைத்தார். தொடக்கம் சிரிக்கும்படியாகத்தான் இருக்கிறது. முடிவுக்கு நான் பொறுப்பல்லன்.

நாங்கள் சென்றது ஒரு பொழுதுபோக்குப் பூங்காவிற்கு. பெயர் வேண்டாம். நான் சொல்லப்போவது ஒரு பூங்காவின் கதையன்று. எல்லாப் பூங்காக்களுக்கும், எல்லாத் திருவிழாக்களுக்கும் பொதுவான கதை. காலை ஒன்பது மணிக்கு மானசகங்கோத்திரியிலிருந்து பேருந்து புறப்பட்டது. பத்து மணிக்குப் பூங்காவின் வாயிலில் வரிசையில் நின்றோம். உள்ளே நுழைந்தபோது மணி பத்தே முக்கால்!

மைசூரில் வாழும் நமக்குச் சோதனை ஒன்றும் புதிதன்று. அரண்மனைக்குப் போனால் சோதனை. தசரா ஊர்வலம் பார்க்கப் போனால் சோதனை. 1892-இல் தொடங்கிய நம் விலங்குக் காட்சிசாலைக்குப் போனால், பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று சோதனை. ஆகவே பூங்கா வாயிலிலும் எல்லோரையும் போல நான் கைகளை விரித்து நின்றேன். மெட்டல் டிடெக்டர் பொருத்திய கதவுச் சட்டத்தின் வழியே நுழைந்தேன். அது கூவிற்று. எனக்கு முன்னால் போனவருக்கும் கூவிற்று. பின்னால் வந்தவருக்கும் கூவிற்று. எல்லோருக்கும் கூவுகிற ஒன்றை எவர்தாம் பொருட்படுத்துவார்?

அடுத்தது மேசை. மேசைக்குப் பின்னால் ஐம்பதைக் கடந்த ஒரு காவலாளி. கொள்ளேகாலத்துப் பக்கத்தவர் போலும். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுத் தமிழிலேயே பேசினார். என் பையைத் திறந்தேன். ஒரு துண்டு, ஒரு புத்தகம், விடுதிச் சமையற்காரர் அன்போடு கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலம். அவர் கை நேராகப் பொட்டலத்திற்குப் போயிற்று.

"வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது, தம்பி."

"பெரியவரே, இதில் என்ன குண்டா இருக்கிறது?"

அவர் சிரித்தார். "குண்டைக் கண்டால் எனக்குத் தெரியுமோ தெரியாதோ! புளியோதரையைக் கண்டால் நன்றாகத் தெரியும்" என்றார்.

வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், அந்த வரிசையிலேயே சிரிக்க முடியாத இரண்டு காட்சிகளும் இருந்தன. எங்களுக்குப் பின்னால் ஒரு கட்டிட வேலைக்காரக் குடும்பம் நின்றது. கணவன் மடித்துக் கட்டிய வேட்டி, மனைவி தோளில் குழந்தை, கையில் துணிப்பை. அந்தப் பையை இருமுறை கவிழ்த்துப் பார்த்தார்கள். எங்களுள் சலவைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்திருந்த நண்பரின் பையையோ திறக்கவே இல்லை. பெண்களைத் திரைக்குப் பின்னால் அழைத்துச் சென்று சோதித்தார்கள். திரையை விலக்கிக்கொண்டு வந்த தோழியர் இருவர் நெடுநேரம் எவருடனும் பேசவில்லை. ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை.

உள்ளே நுழைந்தவுடன் இவையெல்லாம் மறந்துபோயின. இளமைக்கு மறதி ஒரு வரம் அல்லவா?

*

பிற்பகல் இரண்டு மணி இருக்கும். ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடி, உச்சிக்கு ஏறி இறங்கும் கப்பலில் ஏறி உட்கார்ந்தோம். ஒவ்வொரு வரிசைக்கும் மடியை அழுத்திப் பிடிக்கும் இரும்புத் தண்டு ஒன்று உண்டு. இயக்குகிற இளைஞன் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்தான். மற்ற வரிசைகளில் 'டக்' என்று ஓர் ஓசை கேட்டது. எங்கள் வரிசையில் கேட்கவில்லை. தண்டைச் சற்று மேலே தூக்கிப் பார்த்தேன். அது என் கையோடு வந்தது.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் உங்களை ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் அழைத்துச் செல்ல வேண்டும். இதுவரை எவரிடமும் நான் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது வயது பதின்மூன்று. என் தங்கைக்கு எட்டு. சத்தியமங்கலத்திற்கு அருகில் பவானி ஆற்றங்கரையில் எங்கள் ஊர். பக்கத்து ஊர்த் திருவிழாவிற்குப் போயிருந்தோம். பொரிகடலைக் கடை, வளையல் கடை, பஞ்சுமிட்டாய், அப்புறம் இராட்டினத் தூரி. எங்கள் பக்கத்தில் ஊஞ்சலைத் தூரி என்போம். மேலும் கீழும் சுற்றும் அந்த இராட்டினத்தின் தொட்டிகளில் பிள்ளைகளை உட்காரவைத்துக் குறுக்கே ஒரு கம்பியைப் போட்டு, ஊசி செருகுவார்கள். தங்கை ஏற வேண்டிய தொட்டியில் ஊசி இல்லை. ஊசி இருக்கவேண்டிய துளையில் ஒரு கயிற்றுத் துண்டு கட்டியிருந்தது. அதை நான் பார்த்தேன்.

பார்த்தவன் கேட்டிருக்கலாம். "அண்ணா, ஊசி எங்கே?" என்று மூன்றே சொற்கள். நான் கேட்கவில்லை. இராட்டினக்காரர் உரத்த குரலில் ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். பின்னால் கூட்டம் நெருக்கியது. கேட்டால், "பயமா இருந்தா வீட்டுக்குப் போடா" என்பார், எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அஞ்சினேன். மூன்றாவது சுற்றில் கயிறு அவிழ்ந்தது. கீழே வரும்போது அவிழ்ந்ததால் அவள் உயிர் பிழைத்தாள். இடது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. கோவையில் இரண்டு அறுவைகள் நடந்தன. வாழைத்தோட்டத்தில் கால் பங்கு கைமாறியது. அந்தக் கால் இன்றும் மற்றதைவிடச் சற்றுக் குட்டைதான். அவள் நடப்பாள், ஓடமாட்டாள்.

வீட்டில் எல்லோரும் இராட்டினக்காரரைத் திட்டினார்கள். விதியை நொந்தார்கள். அம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். கயிற்றைப் பார்த்தவன் ஒருவன் வீட்டிலேயே இருந்தான் என்பது எவருக்கும் தெரியாது.

இப்போது கப்பலுக்கு வாருங்கள். தண்டு என் கையோடு வந்தது என்றேன் அல்லவா? பதின்மூன்று வயதில் தோன்றிய அதே அச்சம் இருபத்திரண்டு வயதிலும் தோன்றியது. அது விழுந்துவிடுவோமோ என்ற அச்சமன்று; சிரிப்பார்களே என்ற அச்சம்! ஆனால் இம்முறை கையைத் தூக்கினேன். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில், "நிறுத்துங்கள், இது பூட்டிக்கொள்ளவில்லை" என்றேன்.

நான் எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தது. "பயந்தாங்கொள்ளி" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். "பேசாமல் பிடித்துக்கொண்டு உட்காரப்பா" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ஆனால் நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அந்த இளைஞன் சினக்கவில்லை. ஓடிவந்து தண்டை அசைத்துப் பார்த்தான். முகம் மாறிற்று. எல்லோரையும் இறக்கிவிட்டு மெக்கானிக்கை அழைத்து வந்தான். பூட்டைப் பிடித்திருந்த சுருள்வில் தளர்ந்திருந்தது. ஸ்பேனரும் கையுமாகப் பதினைந்து நிமிடம் வேலை நடந்தது. பிறகு அந்த ஒரு வரிசையைக் கயிறு கட்டி மூடிவிட்டு மற்ற வரிசைகளை மட்டும் ஓட்டினார்கள். இந்தக் கயிறு உயிரைக் காக்கக் கட்டிய கயிறு.

இறங்கும்போது அந்த இளைஞன் என் அருகில் வந்தான். "காலையில் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. யாரும் இப்படிச் சொல்லமாட்டார்கள், அண்ணா" என்றான். அவனுக்கும் என் வயதுதான் இருக்கும்.

*

திரும்பும் வழியில் பேருந்தே சொற்போர்க் களமாயிற்று. புளியோதரையை இழந்தவர்கள் ஒரு கட்சி. "நாட்டு நிலைமை தெரியாமல் பேசாதீர்கள்" என்றவர்கள் மற்றொரு கட்சி. செயலாளருக்கு ஒரு யோசனை உதித்தது. இரண்டு வாரம் கழித்து மன்றக் கூட்டத்தில், 'பொழுதுபோக்கு இடங்களில் வருவோரைச் சோதனையிடுதல் இன்றியமையாதது' என்னும் தலைப்பில் சொற்போர் நடந்தது. ஆதரித்துப் பேச என்னை நிறுத்தினார்கள். எதிர்த்துப் பேச வந்தவர் கோலார் தங்கவயலைச் சேர்ந்த வேதியியல் மாணவி. திரையை விலக்கிக்கொண்டு வந்து பேசாதிருந்த இருவருள் ஒருவர்.

நான் முதலில் எழுந்தேன். என் சான்றுகள் வலுவானவை என்றே இன்றும் எண்ணுகிறேன். 2007 ஆகஸ்ட் 25-ஆம் நாள் மாலை, ஐதராபாத்தில் உசேன் சாகர் ஏரிக்கரையில் உள்ள லும்பினி பூங்காவில் ஒளிக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த மக்களிடையே குண்டு வெடித்தது. அதே மாலையில் கோட்டிப் பகுதியில் ஒரு சிற்றுண்டிக் கடையிலும் வெடித்தது. இரண்டிலுமாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பொழுதுபோக்கச் சென்றவர்கள்தாம் அவர்களும்! அவ்வளவு தொலைவு போவானேன்? நம் மைசூரிலேயே 2016 ஆகஸ்ட் 1-ஆம் நாள் நீதிமன்ற வளாகத்துக் கழிப்பறையில் குண்டு வெடித்தது. உயிர்ச்சேதம் இல்லை என்பது நம் நற்பேறு. கேளிக்கைப் பூங்காக்களுக்கெல்லாம் தாய்வீடான அமெரிக்காவில், டிஸ்னி பூங்காக்களின் வாயில்களில் 2015 டிசம்பரில் மெட்டல் டிடெக்டர்கள் நிறுத்தப்பட்டன. பையைத் திறந்து காட்டுவதால் நம் மானம் போய்விடாது. திறந்து காட்டாததால் உயிர் போகலாம். இவ்வாறு முழங்கினேன். கைதட்டலும் பெற்றேன்.

பிறகு அந்தத் தோழி எழுந்தார். முழங்கவில்லை, மெல்லத்தான் பேசினார்.

"நண்பர் இரண்டு நிகழ்ச்சிகளைச் சொன்னார். நான் சிலவற்றைச் சொல்கிறேன். 1989 பிப்ரவரி 8. இதே மைசூர். பிரீமியர் ஸ்டூடியோவில் திப்பு சுல்தான் தொடரின் படப்பிடிப்பு. தீப்பிடித்தது. சுவர்களில் தொங்கியவை கோணிச் சாக்குகள். காற்றுப் போக்கிகள் இல்லை. இறந்தவர்கள் 62 பேர். 1997 ஜூன் 13. டில்லி உபஹார் திரையரங்கு. கட்டிடத்தின் கீழ்த்தளத்து மின்மாற்றியிலிருந்து கிளம்பிய தீயும் புகையும். மாடியில் கூடுதல் நாற்காலிகள் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். இறந்தவர்கள் 59 பேர். 2019 ஜூலை 14. அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்கா. ஊசலாடும் இராட்டினம் நடுவானில் முறிந்து விழுந்தது. இருவர் மாண்டனர், பலர் காயமுற்றனர். 2024 மே 25. இராஜ்கோட்டில் ஒரு விளையாட்டுக் கூடம். கோடை விடுமுறை, சலுகைக் கட்டணம், பிள்ளைகள் கூட்டம். உள்ளே வெல்டிங் வேலை நடந்தது. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றிதழ் இல்லாமலே கூடம் நடந்தது. இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் கருகினர். நண்பரைக் கேட்கிறேன்: இவர்களுள் எவரேனும், வந்தவர் ஒருவர் தம் பையில் கொண்டுவந்த பொருளால் இறந்தாரா?"

அவை அடங்கியது. அவர் தொடர்ந்தார்.

"வாயிலே எமனாவதும் உண்டு. 2025 ஜூன் 4-இல் பெங்களூர் சின்னசாமி விளையாட்டரங்கின் வாயில்களுக்கு அருகே நெரிசலில் 11 பேர் மாண்டனர். அவர்கள் உள்ளே போகவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 27-இல் கரூரில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் மாண்டதை நாம் அனைவரும் அறிவோம். அங்கே வாயிலும் இல்லை, சுவரும் இல்லை. கூட்டம் கூடினால், அது வந்து போக வழி வேண்டும். வழியைக் குறுக்கிச் சோதனை வைத்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டுகிறோம். திரைக்குப் பின்னால் என்னைச் சோதித்த அம்மையார் என் தோடு எங்கே வாங்கியது என்று கேட்டார். அவர் தேடியது குண்டையா? துணிப்பை கொண்டுவந்த ஏழையை இருமுறை சோதித்தீர்கள். கறுப்புக் கண்ணாடியை விட்டுவிட்டீர்கள். குண்டு வைப்பவன் துணிப்பையோடுதான் வருவான் என்று யார் சொன்னது?"

கைதட்டல் நெடுநேரம் நிற்கவில்லை. மறுமொழி கூற எனக்கு ஐந்து நிமிடம் தரப்பட்டது. என் குறிப்புத்தாளில் மேலும் நான்கு சான்றுகள் இருந்தன. அவற்றை நான் படிக்கவில்லை. கப்பலின் தண்டைப் பற்றிச் சொன்னேன். சிரித்த நண்பர்கள் அவையிலேயே இருந்தார்கள். பிறகு கயிற்றைப் பற்றிச் சொன்னேன். ஒன்பது ஆண்டுகள் என் நெஞ்சில் கட்டிக்கிடந்த அந்தக் கயிறு மேடையில் அவிழ்ந்தது. என் குரல் தடுமாறியதற்காக இன்றும் வெட்கப்படவில்லை.

அதன் பின் நான் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

சோதனை வேண்டும். லும்பினி பூங்காவை மறந்துவிட முடியாது. ஆனால் சோதனை என்பது ஒருவழிப் பாதையாக இருப்பது ஏன்? நான் உள்ளே கொண்டுபோகும் பையைத் திறந்து பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு என்றால், நான் உட்காரப்போகும் இருக்கையின் பூட்டைப் பற்றிக் கேட்க எனக்கும் உரிமை உண்டல்லவா? நான் என் துண்டையும் புத்தகத்தையும் மேசைமேல் பரப்பி வைத்தேன். அவர்கள் தங்கள் சோதனைப் பதிவேட்டை எங்கே பரப்பி வைத்தார்கள்? இன்று காலை இந்த இராட்டினத்தைப் பார்த்தவர் யார், எத்தனை மணிக்குப் பார்த்தார், கையெழுத்து எங்கே? இதை ஒரு பலகையில் எழுதி இராட்டினத்தின் படிக்கட்டில் மாட்டிவைக்க எவ்வளவு செலவாகும்? புளியோதரை விலைகூட ஆகாது!

விதிகளே இல்லை என்று எண்ண வேண்டாம். இராட்டினங்களுக்கும் அவை போன்ற கேளிக்கைப் பொறிகளுக்கும் என்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 15475 என்னும் தரவிதிகளை வகுத்திருக்கிறது. கூட்டத்தை நெறிப்படுத்துவது எப்படி என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-இல் ஒரு வழிகாட்டி நூலே வெளியிட்டது. நூல்கள் அலமாரியில் இருக்கின்றன. இராட்டினம் வெளியில் சுற்றுகிறது. இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டியவர்கள் யார்? அதிகாரிகள் என்போம். உண்மைதான். ஆனால் அதிகாரி ஆண்டுக்குச் சில நாள் வருவார். நாமோ நாள்தோறும் ஆயிரக்கணக்கில் போகிறோம்.

செல்வ நாடுகளில் இந்தக் குறை இல்லை என்றும் எண்ணிவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் டிரீம்வேர்ல்டு என்னும் புகழ்பெற்ற பூங்கா இருக்கிறது. 2016 அக்டோபர் 25-ஆம் நாள் அங்கே நீர்த் தெப்ப விளையாட்டில் நான்கு பேர் மாண்டனர். தண்ணீர் இறைக்கும் பம்பு அன்றைக்கே இருமுறை நின்று போயிருந்தது. மூன்றாம் முறை நின்றபோது நீர்மட்டம் இறங்கியது. ஒரு தெப்பம் சிக்கிக்கொள்ள, பின்னால் வந்த தெப்பம் அதன்மேல் மோதியது. தெப்பங்களை இழுத்துவரும் பட்டையைச் சில நொடிகளில் நிறுத்தக்கூடிய பொத்தான் ஒன்று அங்கே இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் நின்ற பணிப்பெண் அந்த வேலைக்கு அன்று காலையில்தான் பயிற்சி பெற்றவர். அந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியாது. 2020-இல் அந்நிறுவனத்திற்கு முப்பத்தாறு இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது நீதிமன்றம். தும்பை விட்டு வாலைப் பிடித்தார்கள்!

பணிப்பெண்ணைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் கப்பலை ஓட்டிய இளைஞனையும் நான் குறை கூறமாட்டேன். காலையில் சரியாக இருந்த சுருள்வில் பிற்பகலில் தளர்கிறது. இரைச்சலில் அவனுக்கு ஓசை கேட்கவில்லை. அவன் ஒருவனுக்கு இரண்டு கண்கள். ஏறி உட்கார்ந்த எங்களுக்கோ எண்பதுக்கும் மேற்பட்ட கண்கள்! அவன் எங்களைக் காக்க வேண்டியவன் என்பது சரி. அவனுக்குத் தெரியாததை நாங்கள் சொல்ல வேண்டும் என்பதும் சரியல்லவா? அதற்குத் தடையாக நிற்பது சட்டமன்று, காவலன் அன்று, வாயில் அன்று. 'சிரிப்பார்கள்' என்ற ஒரே ஒரு நினைப்பு.

நடுவராக வீற்றிருந்த பேராசிரியர் தீர்ப்பு வழங்கினார். "நடுவிலே அணி மாறிய போர்வீரனுக்குப் பரிசு கிடையாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, கோப்பையைத் தங்கவயல் தோழிக்கு அளித்தார். அதில் எனக்கு முழு உடன்பாடு. அந்தத் தோழியிடம் சென்று, அன்று திரைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று கேட்காமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்" என்றார். அதுவும் என் கணக்கில் ஒன்று.

*

அன்று இரவு ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். நூறு பேர் கேட்க மேடையில் சொன்னதை, கேட்க வேண்டிய ஒருத்திக்குச் சொல்லாமல் இருப்பது முறையன்று. தங்கை இப்போது கோபிச்செட்டிப்பாளையத்தில் கல்லூரியில் படிக்கிறாள். கயிற்றைப் பார்த்ததையும், சிரிப்புக்கு அஞ்சி வாய் திறவாமல் நின்றதையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாள் என்றுகூட எதிர்பார்த்தேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள்:

"அண்ணா, அந்தக் கயித்த நானுந்தான் பாத்தேன். நீ பக்கத்துல நின்னுட்டு ஒண்ணுஞ் சொல்லல. அப்போ சரியாத்தான் இருக்கும்னு ஏறீட்டேன்."

நண்பர்களே, இந்தச் சொற்களை எழுதும்போதும் என் கை நிற்கிறது. நான் இராட்டினக்காரரை நம்பி வாய் மூடினேன். அவள் என் மௌனத்தை நம்பி ஏறினாள். அவளுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகள் அவள் ஏறியதைப் பார்த்து ஏறியிருப்பார்கள். ஒருவர் வாய் மூடியிருப்பதே அடுத்தவருக்கு நற்சான்றிதழ் ஆகிவிடுகிறது. இப்படித்தான் பழுதான பூட்டும், அடைத்த வழியும், சான்றிதழ் இல்லாத கூடமும் நாள்தோறும் நம் நடுவே ஓடிக்கொண்டிருக்கின்றன. எல்லோரும் பார்த்திருப்பார்கள். எவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"இனி என்ன செய்யப் போற?" என்று தங்கை கேட்டாள். அந்தக் கேள்விக்கு மறுமொழியாக நம் மன்றத்தின் செயற்குழுவில் ஒரு முன்மொழிவு வைத்தேன். அது எதிர்ப்பின்றி நிறைவேறியது. இனி மன்றத்தின் ஒவ்வோர் இன்பச் செலவிலும் இருவர் அதற்கென்றே பொறுப்பேற்பார்கள். எந்த இராட்டினத்தில் ஏறுமுன்பும், எந்தக் கூடத்தில் நுழையுமுன்பும் அவர்கள் மூன்று கேள்விகள் கேட்பார்கள். முதலாவது: இதை இன்று பார்த்துக் கையெழுத்திட்டவர் யார்? இரண்டாவது: நிறுத்துகிற பொத்தான் எது, அதை அழுத்தத் தெரிந்தவர் யார்? மூன்றாவது: வந்த வழியைத் தவிர வெளியேற வேறு வழி எது? மறுமொழி கிடைத்தால் நன்றி கூறி ஏறுவோம். கிடைக்காவிட்டால் ஏறமாட்டோம். சண்டையும் வேண்டாம், முழக்கமும் வேண்டாம். நாற்பது பேர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் போதும். நாற்பதாவது சீட்டுக்கு முன்பே மறுமொழி வந்துவிடும்!

இவ்வாண்டு தசராவின்போது தொட்டகெரே மைதானத்துப் பொருட்காட்சியில் இராட்டினங்கள் மீண்டும் சுற்றும். விடுதியிலிருந்து கூட்டங்கூட்டமாகப் போவோம். ஊரிலிருந்து தம்பி தங்கையரும் வருவார்கள். நம் கையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்ப்பார்கள். அவர்கள் இராட்டினத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வாயிலில் பையைத் திறக்கச் சொன்னால் திறந்து காட்டுங்கள். புளியோதரையைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அந்தப் பெரியவரேனும் வயிறார உண்ணட்டும். ஆனால் உள்ளே போனபின் வாயையும் திறவுங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பு அரை நிமிடத்தில் அடங்கிவிடும் என்பதைக் கப்பலில் கண்டவன் நான். அடங்காதது எது என்பதை என் தங்கையின் நடையில் ஒன்பது ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன்.